மாட்டு ஈரல், பாபத், குண்டிக்காய் (சிறுநீரகம்): கேளுங்க, தெரிஞ்சத சொல்றன்

வெள்ளவத்தை அக்கா ஒராள்: மகளுக்கு ஹீமோகுளோபின் 9, பாபத் கறி வச்சு குடுத்தா ஏறுமா தம்பி?

பாபத்த நம்பாதீங்க அக்கா. பாபத் எண்டா மாட்டுட வயிறு, 100 கிராம்ல இரும்பு ஒரு மில்லிகிராம் கூட தேறாது, புரதம் 12 கிராம் மட்டில இருக்கு, கொழுப்பும் குறைவு, பிட்டோட தின்ன ருசி அவ்வளவுதான். இரும்பு வேணுமெண்டா ஈரல், அதுல 5 மில்லிகிராம் கிட்ட இருக்கு, கீரையில உள்ள இரும்ப விட உடம்பு லேசா எடுத்துக்கொள்ளும். ஆனா 9 எண்டா சாப்பாட்டோட விடாதீங்க, ஏன் குறைஞ்சதெண்டு டொக்டர் பாக்கணும், குளிசையும் தேவைப்படலாம்.

மருதானை நானா: வைஃப் மூணு மாசம், உம்மா தினம் ஈரல் பொரிச்சு குடுக்கிறாங்க, நல்லம்தானே?

இல்ல நானா, நிப்பாட்டச் சொல்லுங்க. உம்மா அன்பாத்தான் செய்றாங்க, ஆனா 100 கிராம் பச்சை ஈரல்லயே விற்றமின் ஏ 5000 மைக்ரோகிராம் மட்டில, பெரிய ஆளுக்கே ஒரு நாளைக்கு 3000க்கு மேல கூடாது. முதல் மாசங்கள்ல அது கூடினா பிள்ளைக்கு குறைபாடு வரலாம். ஃபோலிக் அசிட் குளிசை கிளினிக்ல தருவாங்க, அது போதும். மத்தாக்கள் கிழமைக்கு ஒருக்கா சின்ன துண்டு ரெண்டு மூணு தின்னலாம், அதுக்கு மேல தேவையில்ல.

கொட்டாஞ்சேனை தம்பி: ஈரல்ல நஞ்செல்லாம் சேர்ந்திருக்கு எண்டாங்களே அண்ணா?

ஈரல் நஞ்ச முறிச்சு வெளிய அனுப்புற இடம், சேத்து வைக்கிற குடோன் இல்ல தம்பி. அது சேத்து வைக்கிறது விற்றமின் ஏ, பி12, செம்பு இதெல்லாம். குண்டிக்காய்ல எண்டா வயசான மாட்டுல கட்மியம் எண்ட நச்சு உலோகம் கொஞ்சம் சேரலாம், அதால இளசா பாத்து வாங்குங்க. பி12 கதை சொல்லட்டா? பி12 எண்டு ஒண்டு இருக்கிறதே தெரியாத காலத்துல, 1926ல, பொஸ்டன்ல மைனொட், மேர்பி எண்ட ரெண்டு டொக்டர்மார் ஒரு விதமான கடும் ரத்தசோகைக்காரருக்கு தினம் ஈரல் தின்னக் குடுத்தே ஆக்கள எழுப்பிட்டாங்க, 1934ல விப்பிள் எண்ட இன்னொரு டொக்டரோட சேத்து நோபல் பரிசும் கிடைச்சது. உள்ள இருந்த மருந்து பி12தான் எண்டு பிறகுதான் கண்டுபிடிச்சாங்க.

தெமட்டகொட அங்கிள்: எனக்கு யூரிக் அசிட், கொலஸ்ட்ரோல் ரெண்டும் இருக்கு. மூளை?

மூளைய விடுங்க அங்கிள், 100 கிராம்ல கொலஸ்ட்ரோல் 3000 மில்லிகிராம், ஈரல்லயே 300க்குள்ளதான். ஆனா உங்களுக்கு ஈரலும் குண்டிக்காயும் கூட வேணாம், அதுல உள்ள பியூரின் எண்ட பொருள்தான் உடம்புல யூரிக் அசிட் ஆகி பெருவிரல்ல வீங்கும். ஆசைக்கு குழம்பு மட்டும் எடுக்கிறன் எண்டு சொல்லாதீங்க, பியூரின் தண்ணில இறங்கும், குழம்புலயும் இருக்கும்.

அதே அக்கா திரும்ப: ஈரல் ஏன் தம்பி ரப்பர் மாதிரி ஆகுது?

கன நேரம் அடுப்புல வச்சா அப்பிடித்தான் அக்கா. மெல்லிசா வெட்டி, மிளகு மஞ்சள் போட்டு, உள்ள சிவப்பு மாறினதும் இறக்குங்க, உப்ப கடைசில போடுங்க.