சி.ஆர்.பி. 14 என்றால் மாரடைப்பு வருமா?

கேள்வி: 52 வயது ஆண் நான். மாஸ்டர் ஹெல்த் செக்கப்பில் ஹெச்.எஸ்.சி.ஆர்.பி. 14 என்று வந்திருக்கிறது. கெட்ட கொழுப்பு 118. முந்தின வாரம்தான் காய்ச்சல் விட்டது. மாரடைப்பு வருமோ என்று பயமாக இருக்கிறது.
- வாசகர், வேளச்சேரி

பதில்: அந்த 14-ஐ இதயக் கணக்கில் சேர்க்காதீர்கள். காய்ச்சல், ஈறில் சீழ், மூட்டுவீக்கம் என்று உடம்பில் எங்கே அழற்சி இருந்தாலும் கல்லீரல் சி.ஆர்.பி. என்ற இந்தப் புரதத்தைச் சுரந்து தள்ளும். அதை மிக நுணுக்கமாக அளக்கும் டெஸ்ட்தான் ஹெச்.எஸ்.சி.ஆர்.பி. 10-ஐத் தாண்டிவிட்டால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கிருமித்தொற்றைத்தான். ஐப்பசி மழையில் டெங்குவோ சிக்குன்குனியாவோ வந்து போன கையோடு செக்கப்புக்குப் போனால் இப்படித்தான் ஆகும். உடம்பு முழுக்கத் தேறி இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி எடுங்கள். இதற்கு வெறும் வயிறு தேவையில்லை.

ரிப்போர்ட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் அலகையும் பாருங்கள். ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே என்றால் ஆபத்து குறைவு, 1 முதல் 3 வரை நடுத்தரம், அதற்கு மேல் அதிகம். டெசிலிட்டர் (100 மி.லி.) கணக்கில் 0.4 என்று அச்சிட்டிருந்தால் அது 4! சாதாரண சி.ஆர்.பி. டெஸ்டை வைத்து இந்தக் கணக்கைப் போடக் கூடாது.

மறுபடியும் 2-க்கு மேல் வந்தால் டாக்டரிடம் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரை பற்றிக் கேளுங்கள். 2008-இல் வெளியான ஜூபிடர் ஆய்வில், கெட்ட கொழுப்பு 130-க்குள்ளும் சி.ஆர்.பி. 2-க்குக் குறையாமலும் இருந்தவர்களுக்கு தினம் 20 மி.கி. ரோசுவாஸ்டேட்டின் என்ற ஸ்டேட்டின் கொடுத்ததில் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 44 சதவீதம் குறைந்தன. உங்கள் பி.பி., சர்க்கரை, புகைப்பழக்கம், குடும்ப வரலாறு எல்லாவற்றையும் பார்த்துத்தான் அவர் முடிவு செய்வார்.

கேள்வி: ஸ்டென்ட் வைத்திருக்கிறேன். கவுட் என்ற மூட்டுவலிக்குத் தரும் மாத்திரை இதயத்துக்கும் நல்லதாமே, நானே வாங்கிச் சாப்பிடலாமா?
- வாசகி, பெரம்பூர்

பதில்: வேண்டவே வேண்டாம் அம்மா. அது கோல்கிசின். நம் செங்காந்தள் விதையிலிருந்தும் எடுக்கிறார்கள். அந்தச் செடியின் கிழங்கைத் தின்று உயிர்விட்டவர்கள் உண்டு. நாள்பட்ட இதயநோயாளிகளுக்கு தினம் 0.5 மி.கி. பலன் தந்ததாக 2020-இல் ஓர் ஆய்வு சொன்னது. மாரடைப்பு வந்த உடனே தொடங்கிப் பார்த்த 2024 ஆய்வில் பலன் தெரியவில்லை. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இது உடம்பில் தேங்கி விஷமாகும். கிளாரித்ரோமைசின் ஆன்டிபயாட்டிக்கோடு சேர்ந்தாலும் அதே ஆபத்துதான். டாக்டரே எழுதிக்கொடுத்துச் சாப்பிடும்போதும், பேதி நிற்காமல் போனால் அன்றே அவரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.