வக்கீல் அக்காவிடம் கேளுங்கள்: பையனை எந்தக் கோர்ட்டில் கேட்பது?

கேள்வி: அக்கா, என் வீட்டுக்காரர் ஓசூரில் கம்பெனி வேலை செய்கிறார். குடித்துவிட்டு அடிப்பார். போன பங்குனியில் கை முறிந்து கட்டுப் போட்டார்கள். மூன்று வயதுப் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு பாலக்கோட்டில் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். ஆறு வயதுப் பையனை அவர்கள் விடவில்லை. ‘அஞ்சு வயசு தாண்டினா பையன் அப்பனுக்குத்தான். தக்காளி மண்டியில கூலிக்குப் போற உனக்கு எந்தக் கோர்ட்டு தரும்?’ என்கிறார். பள்ளிக்கூடத்துக்கே போய்க் கூட்டிவந்துவிடட்டுமா?
– பெயர் வேண்டாம், பாலக்கோடு

பதில்: வேண்டாம்மா. பள்ளிக்கூட வாசலில் இழுபறி நடந்தால் நடுவில் பயந்து அழப்போவது பையன்தான். அப்புறம் அதையே உங்களுக்கு எதிராக எழுதுவார்கள்.

நீங்கள் இந்துக் குடும்பம் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். ஐந்து வயது முடியாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்கவேண்டும் என்று 1956-ஆம் வருட இந்து மைனர் மற்றும் காப்பாளர் சட்டம் சொல்கிறது. பாப்பாவுக்கு அது துணை. ஆனால் ஐந்து முடிந்த மறுநாள் பிள்ளை அப்பாவுக்குப் போய்விடும் என்று அதில் எங்கேயும் இல்லை. எந்த வயதானாலும் பிள்ளையின் நலனைத்தான் கோர்ட் முதலில் பார்க்கவேண்டும். கூலி வேலையும் தடை இல்லை. பிள்ளைகளின் செலவுக்கு அவரிடம் பணம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

நிரந்தரமாகப் பையன் யாரிடம் இருப்பது என்று கேட்கும் வழக்கை, 1890-ஆம் வருடக் காப்பாளர் சட்டப்படி, அவன் வசிக்கும் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் போடவேண்டும். அதற்குக் காலம் பிடிக்கும். அதுவரை காத்திருக்காதீர்கள். 2005-ஆம் வருடக் குடும்ப வன்முறைச் சட்டத்தில், நீங்கள் இப்போது தங்கியிருக்கும் ஊருக்கு உரிய மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டிலேயே மனுப் போடலாம். அதன் 21-ஆம் பிரிவில் பையனைத் தற்காலிகமாக உங்களிடம் ஒப்படைக்க உத்தரவு கேட்கலாம். ஒன்று கவனியுங்கள்: பையனை மட்டும் கேட்டால் போதாது. பாதுகாப்பு உத்தரவு, செலவுப் பணம் இவற்றோடு சேர்த்துத்தான் கேட்கவேண்டும். அப்பா வந்து பார்ப்பது பிள்ளைக்குக் கேடு என்று பட்டால் அதை மறுக்கவும் அந்தப் பிரிவில் இடம் இருக்கிறது.

இனி நான் சொல்வதைத் தயவுசெய்து கேளுங்கள். பல வருடங்களுக்கு முன் பென்னாகரம் பக்கத்துப் பெண் ஒருவருக்குப் பிள்ளை வழக்கு நடத்தினேன். ‘அடிச்சதை எழுதாதீங்கக்கா, மானம் போயிடும்’ என்றார். நானும் எழுதவில்லை. எதிர்த்தரப்பு, ‘காரணமே இல்லாமல் வீட்டை விட்டுப் போனவள்’ என்றது. அதை மறுக்க எங்கள் மனுவில் ஒரு வரி கூட இல்லை. அந்தத் தவறு என்னுடையது, இன்றும் மனசில் கிடந்து உறுத்துகிறது. உங்கள் மனுவில் எல்லாவற்றையும் எழுதச் சொல்லுங்கள். எந்த மாதம், எந்தக் கை, அடித்தபோது பையன் எங்கே நின்றான் என்பது வரைக்கும். அம்மா அடிபடுவதைப் பார்த்து வளர்கிற பிள்ளைக்கும் காயம்தான். அதைக் கோர்ட்டுக்கு நீங்கள் சொன்னால்தான் தெரியும்.

தருமபுரி கலெக்டர் ஆபீசுக்குப் போய் மாவட்ட சமூக நல அலுவலகம் எங்கே என்று கேளுங்கள். பாதுகாப்பு அலுவலர் உங்கள் புகாரை அறிக்கையாக எழுதி மாஜிஸ்ட்ரேட்டுக்கு அனுப்புவார். வக்கீல் ஃபீஸை நினைத்துத் தயங்கவேண்டாம். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமானக் கணக்குப் பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள். போவதற்குள் அவர் வந்து மிரட்டினால் 181 என்ற பெண்கள் உதவி எண்ணுக்குப் போன் போடுங்கள், இரவு நேரமானாலும் சரி.

கட்டுப் போட்ட ஆஸ்பத்திரியில் ஏ.ஆர். (உங்கள் காயத்தை எழுதிவைத்த விபத்துப் பதிவேடு) நகல் வாங்கி வையுங்கள். பையனின் தடுப்பூசி அட்டை யாரிடம் இருக்கிறது? பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது கையெழுத்துப் போட்டது நீங்களா? பையனை இதுவரை பார்த்துக்கொண்டது நீங்கள்தான் என்று காட்ட இவை உதவும். இரண்டையும் எனக்கு எழுதுங்கள்.