ஷிப்ட் மாறும்போது பாதியில் நிற்கும் பேலட்டுகள்

வணக்கம். கிடங்கில் இரவு ஷிப்டுக்கு நீங்கள் வரும்போது, சரக்கு ஏற்றி இறக்கும் டாக் அருகே எண்ணி முடிக்காத பேலட்டுகள் (பெட்டிகளை அடுக்கி வைக்கும் பலகைத் தட்டுகள்) கிடக்கின்றன, வாட்ஸ்அப்பில் போட்டதை யாரும் பார்ப்பதில்லை என்று எழுதியிருந்தீர்கள்.

முதலில் வாட்ஸ்அப்பை விடுங்கள். தகவல் சரக்கின் மேலேயே இருக்கட்டும். பாதியில் விடும் ஒவ்வொரு பேலட்டிலும் ஒரு மஞ்சள் அட்டையைச் செருகச் சொல்லுங்கள். 'கொஞ்சம் பாக்கி' என்று எழுதினால் ஒன்றுக்கும் உதவாது. '40 பெட்டியில் 26 ஸ்கேன் ஆயிற்று. மிச்சம் 14 கீழ் அடுக்கில். அதில் 2 நசுங்கியிருக்கிறது, போட்டோ எடுக்கவில்லை' என்று இருந்தால், வருகிறவர் முதலிலிருந்து எண்ண வேண்டியதில்லை. இரண்டு சூப்பர்வைசர்களும் ஆபீஸில் உட்கார்ந்து பேசாமல், அட்டை உள்ள பேலட்டுகளைச் சேர்ந்தே ஒரு சுற்று பார்த்துவிடுங்கள்.

ஆனால் எனக்கு வேறொரு சந்தேகம். அங்கே டார்கெட் எதை வைத்துக் கணக்கிடுகிறார்கள்? பிரித்த பேலட்டை வைத்து என்றால், கடைசி இருபது நிமிடத்தில் புதிதாக ஒன்றைப் பிரித்துப் போட்டுவிட்டுத்தான் போவார்கள், திட்டிப் பயனில்லை. ரேக்கில் ஏற்றி, லொகேஷன் (வைத்த இடத்தின் குறியீடு) ஸ்கேன் ஆனதை மட்டும் கணக்கில் எடுக்கும்படி மேனேஜரிடம் பேசுங்கள்.

அப்புறம், போகிறவர் ஸ்கேனரில் லாக்அவுட் செய்கிறாரா என்றும் பாருங்கள். இல்லையென்றால் உங்கள் ஆட்கள் செய்யும் வேலை அவர் பெயரில் ஏறும்.