மதம்தான் உலக மக்கள்தொகையைப் பெருக்குகிறதா? அப்படியானால் ஐ.நா. ஏன் தடுப்பதில்லை?

இப்படிக் கேட்டிருக்கும் நண்பருக்கு அண்மையில் ஏதோ ஒரு காணொளியோ வரைபடமோ வந்து சேர்ந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஒரு மதத்தினர் இத்தனை பிள்ளைகள் பெறுகிறார்கள், இன்னும் ஐம்பது ஆண்டுகளில் உலகம் அவர்கள் கைக்குப் போய்விடும் என்று எச்சரிக்கும் செய்திகள் எல்லா மொழிகளிலும் சுற்றுகின்றன. நான் பல ஆண்டுகளாகக் கல்லூரியில் மனிதப் புவியியல் நடத்துகிறேன். இக்கேள்விக்கு வகுப்பில் விடை சொன்னதற்காகவே எழுத்து மூலம் விளக்கம் கொடுக்கும்படி ஆனது என்பதால், இதைக் கண்டும் காணாமல் கடந்துபோக என்னால் முடியவில்லை.

முதலில் விடை. ஒரு பெண் எத்தனை பிள்ளைகள் பெறுகிறாள் என்பதைத் தீர்மானிப்பதில் அவளுடைய மதத்தைவிட வலுவான காரணங்கள் உள்ளன: அவள் எந்த வயது வரை படித்தாள், பெற்ற பிள்ளை பிழைத்து வளரும் என்ற நம்பிக்கை அவளுக்கு இருக்கிறதா, கருத்தடை வசதி அவள் நடந்துபோகும் தூரத்தில் கிடைக்கிறதா, அதைப் பயன்படுத்த விரும்பினால் வீட்டில் அவள் பேச்சு எடுபடுகிறதா. மதம் இந்நான்கின் வழியாகத்தான் பெரும்பாலும் வேலை செய்கிறது. இவை மாறிய இடங்களில், மதம் மாறாமலேயே பிறப்பு வீதம் பாதியாகவும் மூன்றில் ஒன்றாகவும் குறைந்திருக்கிறது.

இதை மாணவர்களுக்குச் சொற்பொழிவாகச் சொல்வதில் பயனில்லை என்பதால், நான் ஒரு பயிற்சி வைப்பது வழக்கம். சில நாடுகளின் மக்கள்தொகைப் பிரமிடுகளைப் பெயரை மறைத்து ஒரே தாளில் அச்சிட்டுக் கொடுத்து, எது எந்த நாடு, அங்கே பெரும்பான்மையினரின் மதம் எது என்று எழுதச் சொல்வேன். பிரமிடு என்பது இடப்புறம் ஆண்களையும் வலப்புறம் பெண்களையும் வைத்து, அடியில் பச்சிளங்குழந்தைகள், உச்சியில் முதியோர் என ஐந்தைந்து வயதுக்கு ஒரு பட்டையாக அடுக்கிய வரைபடம். அத்தாளில் ஒரு பிரமிடு எப்போதும் வகுப்பைக் குழப்பும். 1980களில் பிறந்தவர்களின் பட்டைகள் இருபுறமும் துருத்தி நிற்கும். அவற்றுக்குக் கீழே 1990களின் பிற்பகுதியில் பிறந்தவர்களின் பட்டைகள் சட்டென்று ஒடுங்கும். இன்னும் கீழே, துருத்திய தலைமுறை தாய் தந்தையரானபோது பிறந்த குழந்தைகளின் பட்டைகள் மீண்டும் சற்று விரியும். பெரும்பாலான மாணவர்கள் இதைச் சீனா என்று எழுதுவார்கள். உண்மையில் அது ஈரான்.

ஈரானின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் கேள்வியின் பாதிக்கு அதிலேயே விடை இருக்கிறது. 1979 புரட்சிக்குப் பின் அமைந்த இஸ்லாமியக் குடியரசு, ஈராக்குடன் போர் நடந்த ஆண்டுகளில் மக்கள்தொகை பெருகுவதை வரவேற்றது. 1980களின் தொடக்கத்தில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஆறுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் இருந்தனர். 1986 கணக்கெடுப்பில் மக்கள்தொகை ஐந்து கோடியை நெருங்கியது. போர் 1988இல் முடிந்தபோது இத்தனை பேருக்கும் பள்ளியும் வேலையும் எங்கிருந்து வரும் என்ற கேள்வி அரசை அழுத்தியது. 1989இல், மதத் தலைமையின் ஒப்புதலுடனேயே, குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டம் மீண்டும் தொடங்கப்பட்டது. திருமணப் பதிவுக்கு முன் மணமக்கள் குடும்பக் கட்டுப்பாடு பற்றிய வகுப்பில் கலந்துகொள்வது கட்டாயமாக்கப்பட்டது. கிராமப்புறங்களில் ஏற்கெனவே வளர்ந்துவந்த 'சுகாதார இல்லங்கள்' இத்திட்டத்தின் முதுகெலும்பாயின. அந்த வட்டாரத்திலேயே பிறந்து வளர்ந்து பயிற்சி பெற்ற பணியாளர்கள் அங்கே இருந்தார்கள். தடுப்பூசி, பேறுகாலக் கவனிப்பு, கருத்தடை மாத்திரை எல்லாம் ஒரே கூரையின் கீழ் கிடைத்தன. அவ்வாண்டின் பிறப்பும் இறப்பும் சுவரில் மாட்டிய பதிவுத்தாளில் குறிக்கப்பட்டன. அதே ஆண்டுகளில் கிராமத்துச் சிறுமியர் பெருமளவில் பள்ளிக்குச் சென்றனர். 2000 வாக்கில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக இரண்டு பிள்ளைகள் என்ற நிலை வந்துவிட்டது. வரலாற்றில் பதிவான மிக வேகமான வீழ்ச்சிகளுள் ஒன்று இது. அதை நிகழ்த்தியது மதகுருமார் ஆளும் ஓர் அரசு.

பிறகு நடந்தது இன்னும் கவனிக்கத்தக்கது. 2012இல் அதே தலைமை கொள்கையைத் திருப்பியது. குடும்பக் கட்டுப்பாட்டுக்கான நிதி வெட்டப்பட்டது; 2021இல் பிள்ளைப்பேற்றை ஊக்குவித்துக் கருத்தடையைக் கட்டுப்படுத்தும் சட்டமே வந்தது. பிறப்பு வீதமோ மக்கள்தொகை தன்னைத் தானே ஈடுசெய்துகொள்ளத் தேவையான 2.1க்குக் கீழேயே இருக்கிறது. படித்து, நகரத்தில் வாழ்ந்து, வீட்டு வாடகைக்கும் பிள்ளையின் படிப்புக்கும் கணக்குப் போடும் ஒரு பெண்ணை, மேடையிலிருந்து வரும் அறிவுரை பழைய நிலைக்குக் கொண்டுபோக முடியவில்லை.

ஒரு நாட்டை வைத்து முடிவு கட்டுவதா என்று கேட்கக்கூடும். பாகிஸ்தானையும் வங்கதேசத்தையும் எடுத்துக்கொள்வோம். 1971 வரை ஒரே நாடாக இருந்தவை. இரண்டிலும் பெரும்பான்மையினர் முஸ்லிம்கள். 1961 கணக்கெடுப்பில் கிழக்குப் பாகிஸ்தானின், அதாவது இன்றைய வங்கதேசத்தின், மக்கள்தொகை மேற்கைவிட அதிகம். அந்தப் பெரும்பான்மை 1970 தேர்தலுக்குப் பின் ஆட்சியாக மாறிவிடாமல் தடுக்கப்பட்டதுதான் பிரிவினைப் போரின் உடனடிக் காரணம். பிரிந்த காலத்தில் இரு நாடுகளிலும் ஒரு பெண்ணுக்கு ஆறுக்கும் மேற்பட்ட பிள்ளைகள். வங்கதேசம் பெண் களப்பணியாளர்களை வீடு வீடாக அனுப்பியது. மத்லப் என்ற பகுதியில் 1977 முதல் நடந்த சோதனைத் திட்டம், வாசற்படிக்கே கருத்தடை வந்தால் ஏழைக் கிராமத்துப் பெண்களும் பயன்படுத்துவார்கள் என்று காட்டியது. பின்னர் பெண் கல்விக்கு உதவித்தொகையும், ஆடைத் தொழிற்சாலை வேலையும் சேர்ந்துகொண்டன. இன்று அங்கே சராசரி இரண்டை ஒட்டியும், பாகிஸ்தானில் மூன்றரையை ஒட்டியும் இருக்கிறது. அண்மைக் கணக்கெடுப்புகளின்படி வங்கதேச மக்கள்தொகை ஏறத்தாழ 17 கோடி, பாகிஸ்தானுடையது 24 கோடி. ஒரே வேதத்தை ஓதும் இரண்டு நாடுகளுக்குள் இவ்வளவு இடைவெளி.

கத்தோலிக்க உலகிலும் இதையே காணலாம். 1968இல் திருத்தந்தை ஆறாம் பவுல் செயற்கைக் கருத்தடையை மறுத்துச் சுற்றுமடல் வெளியிட்டார். அந்தப் போதனை இன்றும் மாறவில்லை. வத்திக்கானைச் சுற்றியிருக்கும் இத்தாலியில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.2 பிள்ளைகள். மறுமுனையில், உலகின் மிக உயர்ந்த பிறப்பு வீதங்களைக் கொண்ட நாடுகளில் நைஜர் முஸ்லிம் நாடு, காங்கோ ஜனநாயகக் குடியரசு பெருமளவில் கிறித்தவ நாடு. இரண்டிலும் சராசரி ஏறத்தாழ ஆறு. நைஜரில் நான்கில் மூன்று பெண்கள் 18 வயதுக்கு முன்பே மணமுடிக்கப்படுகிறார்கள். இரு நாடுகளிலும் ஐந்து வயதுக்குள் இறக்கும் குழந்தைகளின் விகிதம் உலகிலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்று. பிள்ளைகளைப் பறிகொடுத்துப் பழகிய ஊரில், கூடுதலாக ஒன்று பெற்றுக்கொள்வது மத வெறியல்ல.

மதத்துக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்வதாகத் தயவுசெய்து எடுத்துக்கொள்ளாதீர்கள். இஸ்ரேல் வளர்ந்த நாடு. ஆயினும் அங்கே சராசரி மூன்றை ஒட்டி இருக்கிறது, தீவிர வைதிக யூதர்களிடையே ஆறுக்கும் மேல். தனிப் பள்ளி, தனிக் குடியிருப்பு, இளவயதுத் திருமணம் என்று ஒரு சமூகம் தன்னை ஒதுக்கிக்கொண்டு வாழும் இடத்தில் மதம் நேரடியாகவே பிறப்பு வீதத்தை உயர்த்துகிறது. உலக அளவில் முஸ்லிம்களின் பங்கு கூடிவருவதும் உண்மைதான். அமெரிக்காவின் பியூ ஆய்வு மையத்தின் கணக்குப்படி 2020இல் அது 25.6 விழுக்காடு. அதற்குப் பிறப்பு வீதத்தோடு வயதமைப்பும் பெரிய காரணம். இளைஞர்கள் மிகுந்த மக்கள்தொகையில், ஒவ்வொருவரும் இரண்டே பிள்ளைகள் பெற்றாலும், பெற்றோராகும் வயதில் இருப்போர் அதிகம் என்பதால் எண்ணிக்கை இன்னும் சில பத்தாண்டுகள் ஏறிக்கொண்டுதான் இருக்கும். இந்தியாவைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: 1992-93 தேசியக் குடும்ப நல ஆய்வில் முஸ்லிம் பெண்களின் சராசரி 4.4, இந்துப் பெண்களுடையது 3.3, 2019-21 ஆய்வில் அவை முறையே 2.36, 1.94. இரண்டுமே இறங்குகின்றன, இடைவெளியும் சுருங்குகிறது.

இந்த எண்களைத்தான் நான் வகுப்பில் கரும்பலகையில் எழுதினேன். ஒரு மாணவரின் தந்தை, நான் ஒரு மதத்துக்கு வக்காலத்து வாங்குவதாக நிர்வாகத்துக்குக் கடிதம் கொடுத்தார். நிர்வாகம் என்னிடம் விளக்கம் கேட்டது. எழுதியவை அனைத்தும் அரசுகளின் கணக்கெடுப்பிலிருந்தும் ஐ.நா. மக்கள்தொகைப் பிரிவின் வெளியீடுகளிலிருந்தும் எடுத்தவை என்று ஒவ்வொன்றுக்கும் ஆதாரம் காட்டி நீண்ட விளக்கம் கொடுத்தேன். எந்த எண் தவறு என்று எவரும் சொல்லவில்லை. 'பாடப்புத்தகத்தில் இருப்பதோடு நிறுத்திக்கொள்ளலாமே' என்று மட்டும் வாய்மொழியாகச் சொல்லப்பட்டது. அடுத்த ஆண்டு அந்த அலகு வேறொருவருக்குப் போனது. பாடப்புத்தகத்தில் என்ன இருக்கிறது? மக்கள்தொகைப் பெருக்கத்துக்குக் காரணங்கள் என்ற தலைப்பின் கீழ், 'மத நம்பிக்கைகள்' என்று ஒரு வரி. ஐந்து மதிப்பெண் வினாவுக்கு மாணவர்கள் அவ்வரியை மனப்பாடம் செய்து எழுதுகிறார்கள், முழு மதிப்பெண்ணும் பெறுகிறார்கள். மக்களைப் பற்றிய ஒரு பாடத்தை நாட்டுப் பெயர், தலைநகர், காரணங்கள் ஐந்து என்று சுருக்கி நடத்துவது, வளர்ந்தபின் எந்தக் காணொளியையும் நம்பும் மனிதர்களை உருவாக்குகிறது என்பது என் நெடுநாள் ஆதங்கம். நான் எந்த மதத்தைச் சேர்ந்தவர் என்று இங்கேயும் சிலர் கேட்பார்கள். அதைச் சொன்னால் இந்த எண்களில் ஒன்றுகூட மாறாது.

பயத்தின் வேர் எண்ணிக்கை அதிகாரமாக மாறுவதில் இருக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். லெபனானில் கடைசியாக மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது 1932இல். அதை அடிப்படையாக வைத்தே குடியரசுத் தலைவர் மரோனைட் கிறித்தவர், பிரதமர் சன்னி முஸ்லிம், நாடாளுமன்ற அவைத்தலைவர் ஷியா முஸ்லிம் என்ற ஏற்பாடு நிலைபெற்றது. நாடாளுமன்றத்தில் கிறித்தவர்களுக்கு ஆறு இடம் என்றால் முஸ்லிம்களுக்கு ஐந்து என்றிருந்த விகிதம், பதினைந்து ஆண்டு உள்நாட்டுப் போரின் இறுதியில், 1989 தாயிஃப் உடன்பாட்டில்தான் சமமாக்கப்பட்டது. மீண்டும் எண்ணினால் ஏற்பாடு குலைந்துவிடும் என்று அங்கே யாரும் எண்ணவே துணிவதில்லை. நைஜீரியாவில் 2006இல் நடந்த கணக்கெடுப்பில் மதமும் இனமும் கேட்கப்படவே இல்லை, ஏனெனில் முந்தைய கணக்கெடுப்புகள் வடக்குக்கும் தெற்குக்குமான அதிகாரப் போட்டியில் சிக்கிச் சிதைந்திருந்தன.

இனி ஐ.நா.வுக்கு வருவோம். எத்தனை பிள்ளைகள் பெற வேண்டும் என்று ஒரு நாட்டுக்கு ஆணையிடும் அதிகாரம் அதற்கு இல்லை. மாநாடு கூட்டலாம், தரவு திரட்டலாம், கேட்கும் நாட்டுக்கு உதவலாம். 1974 புக்காரெஸ்ட் மாநாட்டில் பணக்கார நாடுகள் மக்கள்தொகைக்கு இலக்கு வைக்கச் சொன்னபோது, வளரும் நாடுகள் முதலில் உலகப் பொருளாதார ஒழுங்கை மாற்றுங்கள் என்று எதிர்த்து நின்றன. கட்டாயத்தால் சாதிக்க முயன்ற அரசுகளையும் உலகம் பார்த்தது: 1976இல் இந்தியாவில் ஒரே ஆண்டில் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைகள், அவற்றுள் பல பலவந்தமாக, சீனாவில் ஒரு பிள்ளைக் கொள்கை, நேர்மாறாக ருமேனியாவில் 1966இல் கருக்கலைப்பைத் தடைசெய்த ஆணை, அதன் விளைவாகக் கள்ளக் கருக்கலைப்பில் மாண்ட ஆயிரக்கணக்கான பெண்கள். இந்த அனுபவங்களுக்குப் பிறகுதான் 1994 கெய்ரோ மாநாட்டில் 179 நாடுகள், இலக்கும் கட்டாயமும் வேண்டாம், பெண்ணின் உடல்நலமும் உரிமையும் கல்வியுமே வழி என்று இணங்கின. அங்கே கருக்கலைப்பு பற்றிய சொற்களை எதிர்ப்பதில் வத்திக்கானும் சில முஸ்லிம் நாடுகளும் ஒரே அணியில் நின்றன.

உலகச் சராசரி 1960களில் ஒரு பெண்ணுக்கு ஐந்து பிள்ளைகளாக இருந்தது, இன்று 2.3க்கும் கீழே. 2022 நவம்பரில் 800 கோடியைத் தொட்ட மக்கள்தொகை, 2080களில் ஏறத்தாழ 1030 கோடியில் உச்சம் கண்டு பிறகு இறங்கும் என்பது ஐ.நா.வின் 2024 மதிப்பீடு. ஆகவே எதுவும் செய்யப்படவில்லை என்பது சரியல்ல. செய்யப்படுவதை நிறுத்துவதற்குத்தான் அரசியல் இருக்கிறது: ஐ.நா. மக்கள்தொகை நிதியத்துக்கு அமெரிக்கா தரும் பணம் 2017இல் நிறுத்தப்பட்டது, 2021இல் திரும்ப வந்தது, 2025இல் மீண்டும் நின்றது. அந்த நிதியத்தின் பணம்தான் ஏழை நாடுகளின் மருத்துவ நிலையங்களுக்குக் கருத்தடைச் சாதனமாகவும் மகப்பேற்றுச் செவிலியரின் பயிற்சியாகவும் போய்ச் சேர்கிறது. பிறப்பு வீதம் இன்னும் உயர்ந்திருக்கும் நாடுகள்தான் அதைப் பெரிதும் நம்பியிருக்கின்றன.