டிசம்பரில் துருவ ஒளி பார்க்க

கேள்வி: துருவ ஒளி (இரவு வானில் அலையாடும் வண்ண வெளிச்சம்) பார்க்க டிசம்பரில் நார்வேயின் துரோம்சோ நகருக்குப் போகிறோம். எனக்கு பிரெஞ்சு பாஸ்போர்ட், மனைவிக்கு இந்திய பாஸ்போர்ட். என்ன கவனிக்க வேண்டும்?
– வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: உங்களுக்கு விசா தேவையில்லை. மனைவிக்கு ஷெங்கன் விசா (பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) வேண்டும். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி 15 நாள் வரை இழுக்காதீர்கள். திருமணச் சான்றிதழைச் சேர்த்துக் கொடுங்கள், ஐரோப்பிய ஒன்றியக் குடிமகனின் மனைவிக்கு விசா கட்டணம் கிடையாது.

டிசம்பர் முழுக்க அங்கே சூரியன் உதிக்காது. நண்பகலையொட்டிச் சில மணி நேரம் நீல வெளிச்சம் மட்டும் இருக்கும். கடலோரம் என்பதால் மேகம் அடிக்கடி துருவ ஒளியை மறைக்கும். ஒரே இரவை நம்பிப் போகாதீர்கள், நான்கு இரவாவது தங்குங்கள். மேகமூட்டமான நாளில் கடலை விட்டுத் தள்ளி, பின்லாந்து எல்லைப் பக்கம் கூட்டிப்போகும் வேன் பயணமே நல்லது.

வெப்ப நீரோட்டத்தால் துறைமுகம் உறைவதில்லை. குளிர் பெரும்பாலும் பூஜ்யத்தை ஒட்டியே ஏறி இறங்கும். அதுதான் வம்பு! உருகிய பனி மறுபடி உறைந்து நடைபாதை கண்ணாடியாகிவிடும். ஷூவுக்கு அடியில் மாட்டும் ஆணி வைத்த ரப்பர் பட்டையை இறங்கியதும் வாங்குங்கள். கடைக்குள் நுழையும்போது கழற்றிவிட வேண்டும், டைல்ஸில் அது வழுக்கும்.

உள்ளே பருத்தி பனியன் வேண்டாம். வியர்வையைப் பிடித்துவைத்து உடம்பைக் குளிர வைக்கும். கம்பளிதான் சரி. ஷூ ஒரு அளவு பெரிதாக இருக்கட்டும், இறுக்கினால் விரல் மரத்துப்போகும்.

ஏசி அறையிலிருந்து வெளியே வந்ததும் நம் மூக்குக்கண்ணாடி மங்குமே, அங்கே குளிரிலிருந்து அறைக்குள் வரும் கேமராவுக்கும் அதே கதி. வெளியிலேயே ஜிப் பையில் போட்டு மூடி, உள்ளே ஒரு மணி நேரம் கழித்துத் திறவுங்கள்.