கண்ணாடி அணிபவர் குறைந்த செலவில் இரைச்சல் நீக்கும் ஹெட்போனை எப்படித் தேர்ந்தெடுப்பது?

கேட்டவர் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார். தலைக்கு மேல் மின்விசிறி, பக்கத்தில் கட்டட வேலை, கூடத்தில் பிள்ளைகளின் கூச்சல். கண்ணாடி அணிகிறார், கையில் பணம் குறைவு. காதை முழுவதும் மூடும் ஹெட்போனில் எதைப் பார்த்து வாங்குவது என்பது அவர் கேள்வி.

முதலில் காது மெத்தையைப் பாருங்கள். சிப், ஆப், டெசிபல் கணக்கு எல்லாம் அதற்குப் பிறகுதான். இந்த முடிவுக்கு வர எனக்கு மூன்று ஹெட்போன்கள் தேவைப்பட்டன.

முதலாவதை இணையத்தில் வாங்கினேன். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் 'இரைச்சல் நீக்கம்' என்று இருந்தது. அணிந்துகொண்டு மின்விசிறியின் கீழ் உட்கார்ந்தால் ஒரு மாற்றமும் இல்லை. கையேட்டைப் புரட்டிய பிறகுதான் புரிந்தது: அதில் இருந்தது இஎன்சி (ENC). நாம் தொலைபேசியில் பேசும்போது நம் மைக்கில் நுழையும் சத்தத்தை வடிகட்டி, எதிர்முனையில் இருப்பவருக்கு நம் குரலைத் தெளிவாக்குவது அது. நம் காதுக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை. உங்களுக்கு வேண்டியது ஏஎன்சி (ANC), நம் காதில் விழும் வெளிச்சத்தத்தையே குறைப்பது. ஓர் எழுத்துதான் வித்தியாசம். விலை குறைவான பொருள்களில் இந்தக் குழப்பம் மிக அதிகம், அதனால் விவரப் பட்டியலில் 'ஏஎன்சி' என்ற எழுத்துகள் தனியாக இருக்கின்றனவா என்று பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.

ஏஎன்சி எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பது தெரிந்தால் பாதிப் பணம் மிச்சமாகும். ஹெட்போனில் உள்ள மைக் வெளிச்சத்தத்தைக் கேட்கிறது. அந்த அலை எழும் இடத்தில் தாழ்ந்தும் தாழும் இடத்தில் எழுந்தும் வரும் எதிரலை ஒன்றை உள்ளே இருக்கும் ஒலிபெருக்கி எழுப்புகிறது. இரண்டும் காதருகே சந்தித்து ஒன்றையொன்று அழிக்கின்றன. ஜெர்மானியரான பால் லூக் இந்த யோசனைக்கு 1936-லேயே அமெரிக்காவில் காப்புரிமை பெற்றுவிட்டார்.

ஆனால் இரண்டு அலைகளும் பிசகாமல் பொருந்த வேண்டும். 100 ஹெர்ட்ஸ் என்ற தாழ்ந்த ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 3.4 மீட்டர், கொஞ்சம் பிசகினாலும் பாதகமில்லை. கிறீச்சென்ற 5,000 ஹெர்ட்ஸ் ஒலியில் அது 7 சென்டிமீட்டர்கூட இல்லை. துளி தாமதமானாலும் அழிப்பதற்குப் பதிலாகச் சத்தம் கூடிவிடும். அதனால் மின்விசிறியின் ஓசை, ஏசியின் உறுமல், பேருந்து எஞ்சினின் அதிர்வு போன்ற தாழ்ந்த, தொடர்ச்சியான ஒலிகளில்தான் ஏஎன்சி வல்லது. ஏறக்குறைய 1,000 ஹெர்ட்ஸுக்கு மேல் அதன் பங்கு குறைந்துகொண்டே போகும். அங்கே சத்தத்தைத் தடுப்பது மெத்தையும் காதை மூடும் கிண்ணமும்தான்.

அதாவது, உங்கள் மின்விசிறி ஏறக்குறைய மறைந்துவிடும். கட்டட வேலையில் அடிநாதமான உறுமல் அடங்கும், துளையிடும் கிறீச்சொலி மங்கலாகக் கேட்டுக்கொண்டிருக்கும். பிள்ளைகளின் கூச்சல் குறையும், போகாது. பின்னணி உறுமல் நின்றுபோவதால் சில நேரம் பேச்சுக்குரல் முன்பைவிடத் தெளிவாகக்கூடக் கேட்கும். மழைச் சத்தம் போன்ற ஒன்றை மெல்லிய ஒலியளவில் ஓடவிட்டால் சொற்கள் கரைந்துவிடும். நான் தினமும் செய்வது அதுதான்.

இப்போது கண்ணாடி. அதன் பக்கக் கம்பி மெத்தையைத் தூக்கிப் பிடிக்கும்போது சிறு இடைவெளி விழுகிறது. அந்த வழியாக முதலில் நுழைவது தாழ்ந்த ஒலிதான், ஏஎன்சி அரும்பாடுபட்டு நீக்கும் அதே ஒலி. என் இரண்டாவது ஹெட்போன் இப்படித்தான் வீணானது. மதிப்புரைகளில் நல்ல பெயர், மெத்தையோ கெட்டி. கண்ணாடியைக் கழற்றினால் அறையே அமைதியாகும், போட்டால் மின்விசிறி திரும்பி வந்துவிடும்.

ஆகவே கடையில் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். கண்ணாடியோடு அணியுங்கள், பாட்டு வேண்டாம், ஏஎன்சியை மட்டும் போடுங்கள். ஏசியோ விசிறியோ ஓடும் இடத்துக்கு அருகில் நின்று இரண்டு உள்ளங்கைகளாலும் கிண்ணங்களை மெல்ல அழுத்துங்கள். சத்தம் சட்டென்று குறைந்தால் மெத்தை உங்கள் தலைக்குச் சரியாகப் பொருந்தவில்லை, அது எவ்வளவு பெரிய நிறுவனத்தின் தயாரிப்பாக இருந்தாலும் வைத்துவிடுங்கள். பிறகு அமைதியான மூலைக்குப் போய், உள்ளே 'உஸ்' என்ற இரைச்சல் வருகிறதா என்று கேளுங்கள். மலிவான ஏஎன்சியின் வழக்கமான குறை அது. சிலருக்குக் காதில் அழுத்தம் ஏறுவதுபோல் தோன்றும். பழகிவிடும் என்று யார் சொன்னாலும், உடனடியாகத் தொந்தரவு செய்தால் வாங்க வேண்டாம். இணையத்தில் வாங்குவதென்றால், திருப்பிக் கொடுக்க வழி இருக்கும் இடத்தில் மட்டும் வாங்குங்கள்.

'50 டெசிபல் வரை குறைக்கும்' என்ற விளம்பரங்களை நான் கணக்கில் எடுப்பதில்லை. அந்த 'வரை' பெரும்பாலும் ஏதோ ஓர் அதிர்வெண்ணில் மட்டும் கிடைத்த உச்ச அளவு. வெளியே ஒரு மைக், உள்ளே ஒரு மைக் என இரண்டும் சேர்ந்த 'ஹைபிரிட்' அமைப்பா என்பது அதைவிடப் பயனுள்ள கேள்வி. உள்ளே இருக்கும் மைக், அழிந்தது போக மிச்சம் இருக்கும் சத்தத்தைக் கேட்டுத் திருத்துகிறது.

பெயர் சொல்லித்தான் ஆக வேண்டுமென்றால், புதிதாக வாங்குபவர் சோனியின் டபிள்யூஎச்-சிஎச்720என், சவுண்ட்கோர் ஸ்பேஸ் ஒன் இரண்டையும் அணிந்து பார்க்கலாம். சோனியின் எடை 192 கிராம்தான். நாள் முழுவதும் அணிபவருக்கு இது பெரிய விஷயம். ஆனால் என் விருப்பம் வேறு. பெரிய நிறுவனங்களின் பழைய தலைமுறை உயர்ரக மாடல், உத்தரவாதத்தோடு புதுப்பிக்கப்பட்டுக் கிடைத்தால் அதையே எடுப்பேன். என் மூன்றாவது ஹெட்போன் 2020-ல் வெளிவந்த சோனி டபிள்யூஎச்-1000எக்ஸ்எம்4. அதன் மென்மையான மெத்தை என் கண்ணாடிக் கம்பியைச் சுற்றி அமுங்கிப் படிகிறது. பழைய பொருளில் பேட்டரி தளர்ந்திருக்கலாம் என்பது உண்மை. ஏஎன்சியைப் போட்டு ஒருநாள் முழுவதும் ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

மெத்தையைத் தனியாக வாங்கி மாற்ற முடியுமா என்பதையும் விசாரியுங்கள். செயற்கைத் தோல் ஓரிரு வருடங்களில் உரியத் தொடங்கும், உரிந்த மெத்தையில் இடைவெளி விழும், ஏஎன்சி பலவீனமாகும். வாங்கும்போது கேபிள் செருகும் 3.5 மி.மீ. துளை இருக்கிறதா, பேட்டரி தீர்ந்தாலும் கேபிள் வழியே பாட்டு வருமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். சில மாடல்களில் வராது.

அடுத்த முறை கண்ணாடிச் சட்டம் மாற்றும்போது பக்கக் கம்பி மெல்லியதாகவும் தட்டையாகவும் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். தடித்த பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து மெல்லிய உலோகச் சட்டத்துக்கு மாறியபோது, அதே ஹெட்போனில் விசிறியின் சத்தம் இன்னும் ஒரு படி இறங்கியதை நானே கேட்டேன்.