திரையும் டிவியும்: பழைய ஆபரேட்டரிடம் கேளுங்க

சமீபத்துல தியேட்டர்லயும் வீட்லயும் பார்த்த படங்களைப் பத்திக் கேளுங்க. ஆபரேட்டர் ரூம்ல இருபத்திரண்டு வருஷம் இருந்தவன் நான். ஃபிலிமும் ஓட்டியிருக்கேன், டிஜிட்டலும் ஓட்டியிருக்கேன்.

திண்டுக்கல்: அண்ணே, புது டிவியில எந்தப் படம் போட்டாலும் சீரியல் மாதிரி வழவழன்னு இருக்கு. எடுத்தவங்க சொதப்பிட்டாங்களா?

இல்லை தம்பி, டிவி பண்ற வேலை. சினிமா வினாடிக்கு 24 ஃப்ரேம். டிவி நடுவுல தானே சில ஃப்ரேம்களை உண்டாக்கிச் சொருகுது. மோஷன் ஸ்மூத்திங்னு பேரு, கம்பெனிக்குக் கம்பெனி வேற பேர்ல இருக்கும். பிக்சர் மெனுவுல போய் அணைங்க. 'ஃபிலிம்மேக்கர் மோட்' இருந்தா அதைப் போட்டாலே போதும். அதை அணைக்காம எந்தப் படத்தையும் நல்லா இல்லைன்னு சொல்லாதீங்க.

சேலம்: மேலயும் கீழயும் கருப்புப் பட்டை வருதே, படத்தை வெட்டிட்டாங்களா?

வெட்டலை. ஸ்கோப்னு சொல்ற அகலத்திரைப் படத்தோட அகலம் உயரத்தைப் போல 2.39 மடங்கு, டிவிக்கு 1.78. முழுசாத் தெரியணும்னா பட்டை இருந்துதான் ஆகணும். ஜூம் போட்டா ஓரத்துல நிக்கிற ஆள் காணாமப் போயிடுவார்.

கோவை: மெய்யழகன் படத்தை நான் முதல் நாள் பார்த்தேன், தங்கச்சி அடுத்த வாரம் பார்த்தா. நான் சொல்ற பேச்சு சிலது படத்துலயே இல்லைங்கிறா.

ரெண்டு பேர் சொல்றதும் சரிதான். 2024ல ரிலீஸ் ஆன சில நாள்ல சுமார் 18 நிமிஷத்தை எடுத்துட்டாங்க. எனக்கு நீளமான படம்தான் பிடிச்சது. ராத்திரி முழுக்க ரெண்டு பேர் பேசிக்கிட்டே இருக்கிற படத்துல, பேச்சு அலையுறதுதான் அழகு.

மதுரை: கொட்டுக்காளி படத்தை இப்பதான் வீட்ல பார்த்தேன். மியூசிக்கே இல்லாத படத்துக்குத் தியேட்டர் எதுக்குண்ணே?

மியூசிக் இல்லாததாலதான் தியேட்டர் வேணும். ஷேர் ஆட்டோ இஞ்சின், காத்து, கால் கட்டின சேவல், இவ்வளவுதான் அந்தப் படத்துக்குப் பின்னணி. மீனாவுக்குப் பேய் பிடிச்சிருக்குன்னு, அவளைக் கட்டிக்கப் போற பாண்டியும் சொந்தக்காரங்களும் ஒரு சாமியாடிகிட்டக் கூட்டிட்டுப் போறாங்க. பாண்டி தொண்டை கட்டி, கழுத்துல சுண்ணாம்பு தடவிக்கிட்டு கரகரன்னு கத்துறான். மீனா வாயே திறக்க மாட்டேங்கிறா. சுத்தி அத்தனை பேர் பேச, அவ பேசாம இருக்கிறது காதுல விழணும். வீட்ல மிக்ஸி ஓடுறப்ப விழாது.

தியேட்டர்லயும் பல பேருக்கு விழுந்திருக்காது, அதுக்குக் காரணம் இருக்கு. தியேட்டர் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற டால்பி ப்ராசஸர்ங்கிற பெட்டியில 7ன்னு ஒரு அளவு. மிக்ஸிங்ல அந்த அளவை வச்சுத்தான் படத்தை முடிச்சு அனுப்புவாங்க. விளம்பரம் காதைப் பிளக்குதுன்னு நாலு பேர் வந்து சண்டை போட்டா, மேனேஜர் 4.5க்கு இறக்கச் சொல்லுவார். நான் வேலை பார்த்த ஒரு தியேட்டர்ல, 5ஐத் தாண்டக் கூடாதுன்னு நாபுக்குப் பக்கத்துலயே பேப்பர் எழுதி ஒட்டியிருந்தாங்க. 7க்கும் 4.5க்கும் சுமார் 8 டெசிபல் வித்தியாசம். பாட்டும் சண்டையும் அதைத் தாங்கும். காத்தும் முணுமுணுப்பும் செத்துப் போகும். படத்துல ஒண்ணுமே இல்லைன்னு ஜனங்க எழுந்து போவாங்க.

தேனி: சத்தத்தை விடுங்கண்ணே. கொட்டுக்காளியில முடிவைக் காட்டலையே, காசு கொடுத்து வந்தவனுக்கு அது வேணாமா? அது வந்த அதே 2024 ஆகஸ்ட் 23லதான் வாழை படமும் வந்துச்சு. அழுதுட்டு வந்தோம், மனசு நிறைஞ்சது.

வாழைக்கு நானும் அழுதேன். அதுக்காக எல்லாப் படமும் அழ வச்சுத்தான் அனுப்பணுமா? கொட்டுக்காளி கடைசியில, சாமியாடி இன்னொரு பொண்ணுகிட்ட நடந்துக்கிறதைப் பாண்டி நின்னு பார்க்கிறான். அடுத்து அவன் என்ன செஞ்சான்னு காட்டியிருந்தா, அவனை மன்னிச்சோ திட்டியோ நாம நிம்மதியா வீட்டுக்குப் போயிருப்போம்.

தேனி: டைரக்டருக்கே தெரியாததை நாங்க யோசிக்கணுமா?

அவருக்குத் தெரியாதுன்னு எப்படிச் சொல்றீங்க? பாண்டி முகத்தை அவ்வளவு நேரம் காட்டுறாரே, இன்னொரு தடவை அதைப் பாருங்க.

கரூர்: நடுவுல வர்றேன், மன்னிக்கணும். கல்யாணத்துக்கு முன்னாடி என்னையும் அந்த மாதிரி ஒரு இடத்துக்குக் கூட்டிட்டுப் போனாங்க. ஆட்டோவுல போற வழியெல்லாம் ஜாலியாப் பேசிட்டு வந்தாங்க. படத்துலயும் அப்படித்தான் இருந்துச்சு. எனக்கு முடிவு வேணும்னு தோணலை.

அக்கா, நான் இவ்வளவு நேரம் பேசினதை விட நீங்க சொன்னதுதான் அந்தப் படத்துக்குச் சரியான பதில். தேனித் தம்பி, இதை ஒரு தடவை படிங்க.

ஈரோடு: பேச்சு கேக்கலைன்னு சத்தம் வச்சா, சண்டை வர்றப்ப குழந்தை முழிச்சிடுது.

5.1னு சொல்ற ஆறு ஸ்பீக்கர் ஒலியில பேச்சு பெரும்பாலும் நடு ஸ்பீக்கர்லதான் வரும். உங்க டிவியில இருக்கிறது ரெண்டே ஸ்பீக்கர். ஆப்ல ஆடியோவை ஸ்டீரியோவுக்கு மாத்துங்க. டிவி சவுண்ட் மெனுவுல, பெரிய சத்தத்தை அடக்குற நைட் மோட் இருந்தா போடுங்க.

நாமக்கல்: கருப்புப் பட்டையை எடுக்க வழி இருக்கா?

சேலத்துக்குச் சொன்னதைப் படிங்க.

கடலூர்: என் டிவியில எல்லாம் சீரியல் மாதிரியே…

மோஷன் ஸ்மூத்திங். அணைங்க. முதல் கேள்வியே இதுதான்.

சென்னை: இந்த வருஷம் எது அதிக வசூல்?

வசூல் எனக்குத் தெரியாது.

தஞ்சாவூர்: போன வாரம் தியேட்டர்ல ராத்திரி சீன் எல்லாம் ஒரே மங்கல். கேமராமேன் தப்பா?

திரும்பி ஆபரேட்டர் ரூம் ஜன்னலைப் பாருங்க. சில புரொஜக்டர்ல 3டி லென்ஸைக் கழட்டாமலே 2டி படம் ஓட்டிடுவாங்க. அப்ப ஒரு வெளிச்சத்துக்குப் பதிலா, ஒண்ணுக்கு மேல ஒண்ணா ரெண்டு வெளிச்சம் வரும். அப்படித் தெரிஞ்சா இடைவேளை வரைக்கும் உட்கார்ந்திருக்காதீங்க. உடனே எழுந்து போய் வாசல்ல நிக்கிற ஆள்கிட்டச் சொல்லுங்க. லென்ஸ் மாத்தப் படத்தை நிறுத்தணும்னு தயங்குவாங்க, ஆனா மாத்த முடியும்.